கேட்ட நிறம், வந்த நிறம்

கம்பளி நூலுக்குச் சாயம் போடுகிறவள் வாய் தவறியும் சொல்லக் கூடாத வார்த்தை, "இதே நிறம்தான் வரும்" என்பது. அதைச் சொல்லிவிட்டு அடுப்படியில் திருதிருவென்று விழித்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நான் பட்டதும் உங்களுக்குப் புரியும்.

ஐம்பதுகளில் ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தோம். வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் வேலை. நான் சந்தையில் பழைய பட்டாளத்து ஸ்வெட்டர்களை வாங்கி, பிரித்து, நூலை மண்ணெண்ணெய் டின்னில் சாயப்பொடியோடு கொதிக்க வைத்து, மறுபடி பின்னி விற்றேன். காக்கி நிறம் நூலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். மேலே எதைப் போட்டாலும் அது எட்டிப் பார்க்கும்.

உபதேசியாரின் கறுப்பு

எங்கள் சபை உபதேசியார், அடக்க ஆராதனைகளுக்குப் போட்டுக்கொள்ளக் கறுப்பு ஸ்வெட்டர் கேட்டார். அந்த மழைக்காலத்தில் வாரம் ஒரு சாவு. கறுப்பு நன்றாகவே வந்தது என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன்.

முதல் அடக்கத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. குழிமேட்டில் அவர் ஜெபிக்க ஜெபிக்க, ஸ்வெட்டரிலிருந்து கத்தரிப்பூ நிறத் தண்ணீர் வெள்ளை வேட்டியில் கோடு கோடாக வடிந்தது. துக்க வீட்டார்கூட அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்வரிசையில் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். மறுநாள் வேட்டியோடு வந்தவர் கோபப்படவில்லை. "எஸ்தரு, பெட்டிக்குள்ள இருந்தவன் எனக்கு ஒறவு இல்ல. ஆனா ஒன் ஸ்வெட்டரு என்னைவிட அதிகமா அழுதுட்டு" என்றார்.

நீலக் கழுத்து

தோட்டத்து ஆபீஸில் ஒரு கிளார்க், பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளிக்காரர். பெண் பார்க்க ஊருக்குப் போகிறேன் என்று நீல ஸ்வெட்டர் வாங்கினார். விடியற்காலைக் குளிருக்குப் போட்டவர், மலை இறங்கிச் சூடு ஏறிய பிறகும் அழகுக்காகக் கழற்றவில்லை. வியர்வையில் சாயம் கழுத்திலும் மணிக்கட்டிலும் ஏறிவிட்டது. சோப்புப் போட்டும் போகவில்லை.

திரும்பி வந்தபோது மெலிந்திருந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்று கேட்டார்: "ஏனுங்க அக்கா, பொண்ணு ஊட்டுக்காரங்க எனக்குத் தோல் வியாதின்னு சொல்லிப்போட்டாங்க. இது சாயந்தான்னு ஒரு கடுதாசி எழுதித் தர்றீங்களா?"

எழுதிக் கொடுத்தேன். அந்தச் சம்பந்தம் அமையவில்லை.

பேச்சியம்மாளின் ரோஸ்

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பக்கத்து லயத்தில் கொழுந்து கிள்ளுகிற பேச்சியம்மாளுக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது, ஆண் குழந்தை. "ரோஸ் நிறத்துல ஒரு சட்டை பின்னித் தாங்கக்கா" என்றாள். இதற்கென்றே புது வெள்ளை நூல் வாங்கிப் பின்னி, கடைசியில் சாயத்தில் போட்டேன். டின்னில் துரு இருந்திருக்கிறது. சட்டை முழுக்கத் தவிட்டு நிறத் திட்டு.

அதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. மறுபடி நூல் வாங்கிப் பின்ன ஆரம்பித்தேன். நடுவில் அவள் ஒரு தடவை வந்து கேட்டாள். சாயம் சரியாக வரவில்லை, அடுத்த வாரம் தருகிறேன் என்றேன். அடுத்த வாரத்துக்குள் குழந்தைக்குச் சளி நெஞ்சில் கட்டி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிற வழியிலேயே போய்விட்டது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து வந்தாள். கொடியில் தொங்கிய திட்டு விழுந்த சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். சட்டை எப்போதோ காய்ந்திருந்தது. "ரோஸுன்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்க்கா. பிள்ளைக்குக் குளிருதுன்னுதான் கேட்டேன்" என்றாள்.

இரண்டு கை

அதற்குப் பிறகு, வந்த நிறத்தை வந்தபடியே கொடுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். ஃபேக்டரிக்கு விறகு வெட்டுகிற அருளப்பனுக்குப் பச்சை ஸ்வெட்டர் பின்னியபோது கடைசிக் கைக்குச் சாயம் போதவில்லை. அந்தக் கை மட்டும் சேற்று மஞ்சளாக வந்தது. அன்றைக்கே கொடுத்தேன். அவனும் சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டு போனான்.

ஆடி மழையில் ஓடையைக் கடக்கும்போது மரப்பாலத்தோடு வெள்ளம் அவனை அடித்துக்கொண்டு போயிற்று. நாலாம் நாள் வெகு தூரம் கீழே ஒரு உடல் ஒதுங்கியது. முகம் என்று எதுவும் இல்லை. அவன் மனைவி மரியாளோடு நானும் போனேன். அவள், "இது அவரு இல்ல" என்று திரும்பிவிட்டாள். போலீஸ்காரர் சாக்கை விலக்கி இரண்டு கையையும் காட்டினார். ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். அவர் என்னைப் பார்த்தார். "நான் பின்னினதுதான்" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

திரும்பிப் போகப் போலீஸ் ஜீப்பில் ஏறும்போது மரியாள் சொன்னாள்: "ரெண்டு கையும் ஒரே பச்சையா இருந்திருந்தா, அது வேற யாரோன்னு நெனச்சிக்கிட்டு நான் இன்னும் கொஞ்ச நாள் காத்திருந்திருப்பேன்க்கா."

நான் பின்னியதில் கேட்ட நிறம் கேட்டபடியே வந்தது என் வீட்டுக்காரரின் மஃப்ளர் ஒன்றுதான். அதை அவர் முதல் நாளே பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தார்.