சூரியனைப் பார்க்க ஒரு கண்ணாடி

போன வியாழக்கிழமை ஒரு தந்தி கொடுத்தேன். 'சூரியனைப் பார்க்க வேண்டாம். கடிதம் வருகிறது.' அவ்வளவுதான்.

தந்தி ஆபீஸ் குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, கடத்தல்காரங்க பாஷை மாதிரில்லா இருக்கு?" என்றார்.

விஷயம் இதுதான். வானத்தைப் பற்றிப் பத்திரிகையில் நான் எழுதுவதைப் படித்துவிட்டு நாசரேத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். பள்ளிக்கூட ஆசிரியர். சின்ன டெலஸ்கோப் ஒன்று வாங்கியிருக்கிறாராம். வானத்தில் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருந்தார். எட்டாம் வகுப்போடு நின்றவனிடம் ஒரு வாத்தியார் பாடம் கேட்கிறாரே என்று சிரிப்பு வந்தது. கடைசி வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. 'பெட்டியில் சிறிய கறுப்புக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. சூரியனுக்கு என்று போட்டிருக்கிறது. மாட்டிப் பார்க்கலாம் அல்லவா?'

என்னுடைய பெட்டியிலும் அது இருந்தது.

துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளை எண்ணிக் குறிக்கிற டாலி கிளார்க் நான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கப்பல் சிப்பந்தி ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன டெலஸ்கோப் அது. முழங்கை நீளம்தான், துணிப்பையில் அடங்கிவிடும். வாங்கிய அன்றே கவலை ஆரம்பம். உப்புக்காற்று பட்டால் பூசணம் பிடிக்குமோ? முக்காலி சரிந்தால்? கடற்கரையில் குழாயை நீட்டினால் கடத்தல் படகுக்கு ஜாடை காட்டுகிறான் என்று பிடித்துக்கொண்டு போவார்களோ?

இந்தக் கவலைகளைக் கேட்டுச் சிரிக்க ஒரே ஆள் — சந்தியாகு. என் வயதுக்காரன், கூட்டாளி. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் தண்டல். அதாவது, அதை ஓட்டுகிற தலைவன். கரைக்கு வந்தால் சாயங்காலம் என் மொட்டைமாடிக்கு வந்துவிடுவான். முதலில் பிறை பார்த்தோம். முழுநிலா வெறும் வெளிச்சம். நாலாம் பிறையில்தான் குழிகள் நிழலோடு தெரியும். பிறகு வியாழன், பக்கத்தில் நாலு புள்ளியாய் அதன் நிலாக்கள்.

"ஏல, நாலு குஞ்சையும் கூட்டிக்கிட்டுல்லா போவுது" என்றான். இருபது வருடம் அந்த வெள்ளியையும் வியாழனையும் பார்த்துத் தோணி ஓட்டியவன். குஞ்சுகளை அன்றுதான் பார்த்தான். வெகுநேரம் நகரவேயில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து நேராக வந்தான். அந்தக் கறுப்புக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தான்.

"இது எதுக்குல?"

"சூரியனுக்குன்னு போட்டிருக்கு. ஆனா, வெயில்ல குழாய் சூடாயிருமோன்னு..."

"அட போல. தோணியில உச்சிக்கு உச்சி நான் சூரியனத்தான பாக்கேன்? அந்தக் கருவியிலயும் இதே மாதிரி கறுப்புக் கண்ணாடிதான்."

உண்மைதான். நடுக்கடலில் இடம் தெரிய தண்டல்கள் செக்ஸ்டன்ட் என்கிற கருவியால் உச்சிச் சூரியனைத்தான் அளப்பார்கள். பிறகென்ன? பெட்டிமேல் எழுதியிருப்பதை நம்பி எண்ணுவதுதானே என் பிழைப்பு... நானே அந்தக் கண்ணாடியைக் கண் வைக்கிற முனையில் திருகி மாட்டினேன். விரலில் எண்ணெய் இருக்குமோ என்று வேட்டியில் துடைத்துவிட்டு மாட்டினேன். அந்த அளவுக்குக் கவனம்.

சந்தியாகு வலது கண்ணை வைத்தான். "பச்சையா இருக்குல. சின்னதா மச்சம் கூட..."

டக் என்று ஒரு சத்தம்.

தோணிக் கருவியில் கறுப்புக் கண்ணாடிமேல் விழுவது வெறும் வெயில். இங்கே முன்பக்கத்து லென்ஸ் வெயிலையெல்லாம் திரட்டி ஒரே இடத்தில் கொட்டுகிறது. சூடு தாங்காமல் கண்ணாடி பிளந்துவிட்டது. இதெல்லாம் பிறகு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டது.

அவன் அலறவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு, "வலி ஒண்ணுமில்ல. நடுவுல ஒரு வட்டம் நிக்கி, போயிரும்" என்றான்.

போகவில்லை. மறுநாள் வலது கண்ணால் என்னைப் பார்த்துச் சொன்னான்: "காது ரெண்டும் தெரியுதுல. மூஞ்சியத்தான் காங்கல." சிரித்துக்கொண்டே சொன்னான். இனி அந்த நடுப்பார்வை வராது என்றார் டாக்டர்.

ஒற்றைக் கண்ணனிடம் எந்த முதலாளி தோணியைக் கொடுப்பார்? பாய்மரக் கயிறு அடித்துவிட்டது என்று முதலாளியிடம் சொன்னானாம். ஊருக்கும் அதேதான். இப்போது உப்புக் கிடங்கில் மூட்டைக்குக் காவல். அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியாது.

நாலு மாதம் தூக்கமில்லாமல் கிடந்து, ஒருநாள் மத்தியானம் அவன் மனைவி மரியபுஷ்பத்திடம் போய் நின்றேன். மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். "தங்கச்சி, அது கயிறு அடிச்சதில்ல. நான்தான்..." என்று தொடங்கினேன்.

அவள் நிமிரவில்லை.

"தெரியும்ண்ணே. அன்னைக்கே சொல்லிட்டாவ."

"பின்னே ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"அவன் பயந்த மனசுக்காரன், நீ ஒண்ணும் கேட்டுராதன்னு சொன்னாவ." அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தாள். "ராத்திரி எந்திரிச்சு வாசல்ல நின்னு ஒரு கண்ணை மூடி மூடிப் பாக்காவண்ணே. அதை யாருகிட்ட கேக்க?"

சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

நாசரேத் ஆசிரியர் ஐயா, நாலாம் பிறையிலிருந்து தொடங்குங்கள். குழாயைப் பகலில் வெளியே எடுக்காதீர்கள். அந்தக் கறுப்புக் கண்ணாடியை இன்றைக்கே அம்மியில் வைத்து நொறுக்கிவிடுங்கள். பத்திரமாக எடுத்துவைக்க வேண்டாம், கையில் கிடைத்தால் யாராவது மாட்டுவார்கள்.

கவலைப்படுவதும் கவனமாக இருப்பதும் ஒன்று என்றுதான் நாற்பது வயது வரை நினைத்திருந்தேன்.