இரண்டு வாய் பன்

கம்பத்திலிருந்து கேரள மலைத் தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டுகிறேன். சில வருடங்களுக்கு முன் தேனியில் ஒரு மருத்துவமனையில் என் ஒன்றரை வயது மகளுக்குக் குடலிறக்க ஆபரேஷன். காலையில் எதுவும் கொடுக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. என் மனைவி கையெழுத்துப் போடப் போன நேரம், பிள்ளை பசியில் அழுதது தாங்காமல் பாலில் நனைத்த பன்னை இரண்டு வாய் ஊட்டிவிட்டேன்.

"பிள்ளைக்கு ஏதும் குடுத்தீகளா?" என்று நர்ஸம்மா கேட்டபோது, "ஒண்ணும் குடுக்கலக்கா" என்றாள் விஷயம் தெரியாத மனைவி. ஆபரேஷன் தள்ளிப்போய்விடுமே என்று நான் வாயைத் திறக்கவில்லை.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பிள்ளையை வாங்க நர்ஸம்மா கை நீட்டினார். என்னால் கொடுக்க முடியவில்லை. "நான் பன்னு குடுத்துட்டேன்மா" என்றேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டர் வெளியே வந்தார். திட்டவில்லை. "சொன்னீங்களே, அதுவே போதும். மயக்கத்துல வாந்தி வந்தா நுரையீரலுக்குள்ள போயிரும். பிள்ளை உயிருக்கே ஆபத்து" என்றார். அன்றைக்கு ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்.

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் சரி என்றதும் பிள்ளை தாய்ப்பால் குடித்ததைப் பார்த்தபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

இப்போதெல்லாம் மலையிலிருந்து ஆபரேஷனுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யார் என் ஜீப்பில் ஏறினாலும், "கடைசியா எப்ப, என்ன குடுக்கலாம்னு சொன்னாக?" என்று கேட்காமல் நான் வண்டியை எடுப்பதில்லை.