அண்ணை சரி போட்ட தாள்

சண்டை நிண்டு பாதை திறந்த காலத்தில ஊர்காவற்றுறையில எல்லாற்ற வீட்டுக்கும் வெளிநாட்டுச் சொந்தம் வந்தது. ஒருத்தர் சொக்லேற்றோட வந்தார், ஒருத்தர் சென்ற் போத்திலோட வந்தார். எங்கட வீட்டுக்கு அமெரிக்காவில இருந்து வந்த என்ர அண்ணை அதுகளோட ஒரு தடிச்ச கட்டலொக்கும் கொண்டு வந்தவர். முன் மட்டையில இருந்து பின் மட்டை வரைக்கும் துவக்குச் சாமான். மினுமினுக்கிற தாளில, கலர் கலராய், புடவைக் கடைக்காரன் சீலை விரிச்சுக் காட்டுற மாதிரி. சீ! பிளேனுக்குள்ள வாசிச்சுக்கொண்டு வந்தவராம்.

பதினெட்டு வருசமாய் இந்த மண்ணை மிதிக்காத மனிசன். அம்மா செத்ததுக்கும் வரேல்லை. நாங்கள் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வரேக்க கூரையில ஓடும் இல்லை, கதவுக்கு நிலையும் இல்லை. அதைப் பற்றி ஒரு கேள்வி கேப்பார் எண்டு நான் பாத்துக்கொண்டிருக்கிறன். அவர் குசினிக் கதிரையில குந்தி, கட்டலொக்கை விரிச்சு வைச்சு, நீலப் பேனையோட மகசீன் தெரிவு செய்துகொண்டிருக்கிறார்.

மகசீன் எண்டால் துவக்குக்குக் கீழ கொழுவுற, ரவை அடுக்கிற பெட்டி. அது என்னெண்டு எங்களுக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை. இறங்குதுறைச் சென்றியில காவலுக்கு நிக்கிற படைக்காரன்ர முகத்தை நாங்கள் நிமிர்ந்து பாக்கிறேல்லை. அவன்ர நெஞ்சுக்கு நேர கிடக்கிற அந்தக் கறுத்தப் பெட்டியைப் பாத்துக்கொண்டுதான் பாஸை நீட்டுவம். அதைப் போய் ஒருத்தர் ஆசைப்பட்டுப் படம் பாத்து வாங்குவார் எண்டு நான் கனவிலயும் நினைச்சதில்லை.

"எதைச் சுடுறனீங்கள் மச்சான்?" எண்டு நான் கட்டின என்ர மனிசன் மரியாதைக்குக் கேட்டார். அவர் கடற்தொழில் செய்யிறவர், அதிர்ந்து ஒரு சொல்லுப் பேசமாட்டார்.

"தாளை. தகரத் தட்டை. சனிக்கிழமையளில போட்டி நடக்கும்."

"தாள் என்ன பிழை விட்டது?"

மனிசன் பகிடிக்குத்தான் கேட்டவர். அண்ணைக்குச் சிரிப்பு வரேல்லை. பத்து ரவைப் பெட்டி எண்டால் போட்டிக்கு நடுவில கழட்டி மாத்த வேணும், நேரம் வீணாப்போகும், முப்பது எண்டால் நிப்பாட்டாமல் சுடலாம் எண்டு விளக்கம் தொடங்கிவிட்டார். நான் அடுப்படியில கருவாட்டைப் பிரட்டிக்கொண்டு நிண்டனான். நிப்பாட்டாமல் சுட்டால் எப்பிடிச் சத்தம் கேக்கும் எண்டு எனக்கும் என்ர மனிசனுக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது, காதில றப்பர் மூடி போட்டுத்தான் சுடுறவராம்.

மூண்டு நாள் இதே கதை. பெரிய பெட்டி எண்டு கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாதாம். வாய் விளிம்பு இரும்பெண்டால் விழுந்தா வளையும், வளைஞ்சா ரவை தடக்கும். உள்ளுக்கு ரவையைத் தள்ளுற தட்டுச் சரியக் கூடாது. ஸ்பிறிங்தான் உயிராம். என்ர உடுப்புக் கிளிப்பைக் கொடியில இருந்து கழட்டிக்கொண்டு வந்து அமத்தி அமத்திக் காட்டினார். முப்பது பிடிக்கிற பெட்டியில இருபத்தெட்டுத்தான் போடவேணுமாம், இல்லாட்டி ஸ்பிறிங் களைச்சுப்போகுமாம். இஞ்ச பாருங்கோ கதையை! ஸ்பிறிங் களைக்கும் எண்டு இரக்கப்படுற மனிசன், எட்டு வருசம் ஏழு இடம் மாறின தங்கச்சி களைச்சுப்போனாளோ எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லை. பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகுது எண்டு வாய்க்குள்ள சொல்லிக்கொண்டு கருவாட்டைக் கோப்பையில போட்டுக் குடுத்தன்.

கடைசியில ஒரு பக்கத்தில மூண்டாவது படத்துக்குப் பெரிசாய் ஒரு சரி போட்டார். பக்கத்தில தமிழிலயே எழுதினார்: "நல்லது. தடக்காது. 4 எடுக்க வேணும்." முத்து முத்தான எழுத்து. சின்னனில அம்மா பிரம்பால அடிச்சுப் பழக்கின எழுத்து.

அவரைக் காரைநகருக்கு வள்ளத்தில கூட்டிக்கொண்டு போன நாள் என்ர சீவன் பாதி போச்சுது. இறங்குதுறையில சென்றிக்காரன் ரெண்டு மகசீனை ஒண்டின்ர வாய் மேல, மற்றதின்ர வாய் கீழ எண்டு சேர்த்துக் கறுத்த ரேப் சுத்தி வைச்சிருந்தவன். அண்ணை அவன்ர நெஞ்சுக்கு நேர குனிஞ்சு பாத்திட்டு, "உது பிழை பிள்ளை, கீழ பாக்கிற வாய்க்குள்ள மண் போகும்" எண்டு ஏதோ தோட்டத்துக் கத்தரிக்காயைக் குறை சொல்லுற மாதிரிச் சொல்லுறார். நான் அவற்ற கையில நல்லாக் கிள்ளினன். "ஏன் கிள்ளுறாய்?" எண்டு சத்தமாய்க் கேட்டவர். விசரன்!

போகேக்க பெட்டியில பாரம் கூடிப்போச்சு எண்டு கட்டலொக்கை விட்டிட்டுப் போனார். தனக்குப் புதுசு வருமாம்.

நான் அதை அண்டைக்கே எரிச்சிருக்க வேணும். எரிக்கத்தான் பாத்தனான். அந்த மினுக்குத் தாள் எரியாது, புகையும் நாத்தமும்தான். பிறகு அலுமாரித் தட்டுக்கு விரிச்சன், அடைகாத்த கோழிக்குக் கீழ போட்டன். எடுக்கிற ஒவ்வொரு தரமும் அந்தப் படங்களைப் பாக்கச் சகிக்காமல் முகத்தை அங்கால திருப்பிக்கொண்டுதான் கிழிக்கிறனான். கோதாரி, அதில வந்ததுதான் வினை.

சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை பூட்டின பிறகு கடலுக்குப் போற பாஸ் கெடுபிடி வந்தது. காலமை சென்றியில பாஸைக் குடுத்திட்டுப் போகவேணும், திரும்பி வந்து வாங்கவேணும். வாங்கி ஈர மடியில கொண்டு வரேக்க பாஸ் நனைஞ்சு மை கலங்கினால் அடுத்த நாள் கடல் இல்லை. பொலித்தீனுக்குள்ள வைச்சால் வேர்த்து மை இளகுது. மினுக்குத் தாளால சுத்திப்போட்டுப் பொலித்தீனுக்குள்ள வைச்சால் நல்லம் எண்டு கெட்டித்தனமாய் யோசிச்சது நான்தான். வழக்கம் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு தாளைக் கிழிச்சன். மேல் பக்கத்தில காட்டுச் சப்பாத்துப் படம். சப்பாத்துத்தானே எண்டு அதை வெளிப்பக்கமாய் மடிச்சுச் சுத்திக் குடுத்தன். உள்பக்கத்தை நான் பாக்கேல்லை.

ரெண்டு கிழமை ஒண்டும் நடக்கேல்லை. ஒருநாள் சென்றிக்கு ஒரு புது ஆள் வந்தான். என்ர மனிசன் எழுவைதீவுப் பக்கம் வலை எடுக்கப் போயிருக்கேக்க, அவன் தாளை முழுசாய் விரிச்சுப் பாத்திருக்கிறான். மத்தியானம் மனிசன் கரைக்கு வர, அப்பிடியே முகாமுக்குக் கொண்டுபோட்டினம். பக்கத்து வீட்டுக்காரர் மீன் கூடையை மட்டும் கொண்டுவந்து என்ர முத்தத்தில வைச்சார். வைச்சிட்டு, "அக்கா, உங்கட பாஸுக்குள்ள துவக்குப் படம் இருந்ததாம்" எண்டார். அந்த மீன் கூடைக்குள்ளயே கிடந்து நாறினது, நான் தொடேல்லை.

நான் முகாமுக்குப் போக, அங்க பொறுப்பாய் இருந்த பெரியவனுக்கு முன்னால மேசையில அந்தத் தாள் விரிச்சுக் கிடந்தது. பக்கத்தில தமிழ் தெரிஞ்ச ஒருத்தன் மொழிபெயர்க்க நிண்டான். "நல்லது. தடக்காது. 4 எடுக்க வேணும்." அவன் அதை வாசிக்கேக்க எனக்கே அது வேற மாதிரிக் கேட்டது. ஆருக்கு நாலு, ஆரிட்ட எடுக்க, எப்ப எடுக்க எண்டு கேட்டான். அண்ணை அமெரிக்காவில விளையாட்டுக்குச் சுடுறவர், அவர் எழுதினது எண்டன். விளையாட்டுக்கோ எண்டு பெரியவன் சிரிச்சான். அண்ணை தன்ர எழுத்துத்தான் எண்டு பேரும் விலாசமும் போட்டுக் கடிதம் அனுப்பட்டும், பிறகு பாப்பம் எண்டு சொல்லிவிட்டான்.

ரெலிபோன் கடைக்கு ஓடிப்போய் எடுத்தன். அண்ணை நித்திரையால எழும்பி வந்து கதைச்சார். நான் அழுது அழுது எல்லாம் சொல்லி முடிச்சன். அவர் முதல் கேட்ட கேள்வி: "தாளில என்ர பேர் இருக்கோ?"

"பேர் இல்லை. எழுத்துத்தான்."

"அப்ப பிரச்சினை இல்லை" எண்டு ஒரு பெருமூச்சு விட்டார். ஆருக்குப் பிரச்சினை இல்லை? கடிதத்தைக் கேட்டன். "பிள்ளை, நான் இஞ்ச துவக்குப் பதிஞ்சு வைச்சிருக்கிறவன். உந்த நாட்டு முகாம் ஒண்டுக்கு உதைப் பற்றிக் கடிதம் எழுதினால் நாளைக்கு இஞ்ச என்ன கேப்பாங்களோ தெரியாது. என்னை உதுக்குள்ள இழுக்காதை. ஒரு பிழையும் செய்யாத ஆளை அவங்கள் விடுவாங்கள்தானே." கழுவுற மீனில நழுவுற மீன்! அவர் குரலை மாத்திக்கொண்டு கேட்டார்: "எந்தப் பக்கம்? மூண்டாவது படத்துக்குச் சரி போட்டதோ? அதை நான் பிறகு எடுக்கேல்லை பிள்ளை. அது வாய் விளிம்பு வளையுதாம்."

ரெலிபோனை வைச்சிட்டு வீட்டுக்கு ஓடினன்.

வீட்டில மாதா சுருவத்துக்குப் பின்னால அண்ணையின்ர நத்தார்க் கடித உறை ஒண்டு கிடந்தது. முன்பக்கம் என்ர விலாசம், அதே முத்து எழுத்தில. பின்பக்கம் அவற்ற முழுப்பேர், வீட்டு இலக்கம், தெரு, எல்லாம். அமெரிக்க முத்திரையும் இருந்தது. அதைக் கையில வைச்சுக்கொண்டு நான் ஒரு நிமிசமும் யோசிக்கேல்லை எண்டு சொன்னால் பொய். ஒரு நிமிசம் யோசிச்சன். பிறகு கொண்டுபோய்க் குடுத்தன்.

பெரியவன் உறையையும் தாளையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாத்தான். பேரையும் விலாசத்தையும் ஒரு கொப்பியில எழுதினான். எல்லாம் முடிஞ்சுது எண்டு நான் எழும்ப, அவன் தாளைத் தன்ர பக்கம் திருப்பி, விரலால மூண்டாவது படத்தைத் தட்டி ஏதோ கேட்டான். மொழிபெயர்க்கிறவனுக்கே வெக்கமாய் இருந்திருக்க வேணும், தலையைச் சொறிஞ்சுகொண்டு சொன்னான்: "கடைசியில உங்கட அண்ணை இதைத்தான் வாங்கினவரோ எண்டு கேக்கிறார். நல்லதோ எண்டு."

அந்தக் கண்ணை நான் முந்தியும் பாத்திருக்கிறன். என்ர குசினிக் கதிரையில.

என்ர மனிசன் அங்கால எந்த அறையில எந்த நிலையில கிடக்கிறார் எண்டு தெரியாமல் நான் நிக்கிறன். வாயைப் பொத்திக்கொண்டு நிண்டிருக்கலாம். நான் சொன்னன்: "அது எடுக்கேல்லை. வாய் விளிம்பு வளையுமாம். ரவை தடக்குமாம்." பெரியவன் "ஆ" எண்டு தலையாட்டிப்போட்டு, பேனையை எடுத்து அண்ணை போட்ட சரிக்கு மேல ஒரு பிழை போட்டான். சிகப்புப் பேனை. நானும் சேர்ந்துதான் மகசீன் தெரிவு செய்து குடுத்திருக்கிறன். தூ! என்னை நானே துப்பவேணும் போல இருந்தது.

பதினோராம் நாள் மனிசனை விட்டினம். பாஸையும் தந்தவை, சுத்தின தாளை மட்டும் தரேல்லை. அந்தப் பாஸால பிறகு ஒரு பிரயோசனமும் இல்லை. மனிசனுக்கு வலது கையைத் தோளுக்கு மேல தூக்க ஏலாது. ஒரு கையால வலை இழுக்க ஏலுமோ? உள்ளுக்கு என்ன நடந்தது எண்டு நான் கேட்டனான். "விடும், முடிஞ்சுதுதானே" எண்டவர். அதோட சரி. இப்ப கரையில இருந்து மற்றவையின்ர வலை பொத்துறார், இடது கையால ஊசியைக் கோத்து, வலது கையை மடியில வைச்சுக்கொண்டு.

நத்தாருக்கு அண்ணை ரெலிபோன் கடைக்கு எடுத்து என்னைக் கூப்பிட்டுவிச்சார். பண்டிகை வாழ்த்துச் சொல்லி முடிச்சு, "அந்தப் பிரச்சினை முடிஞ்சுதோ?" எண்டார். முடிஞ்சுது எண்டன். "என்ர பேர் ஒண்டும் அங்க போகேல்லைத்தானே?"

"போனது அண்ணை. விலாசமும் போனது. நான்தான் குடுத்தனான்."

"நீ எனக்கு இப்பிடிச் செய்வாய் எண்டு நான் நினைக்கேல்லை" எண்டார். குரல் நடுங்கினது. அண்ணை உண்மையிலயே பயந்துபோனார். அதுக்குப் பிறகு அவர் எடுக்கேல்லை, நானும் எடுக்கேல்லை.

அண்டைக்கு ரெலிபோனை வைச்சிட்டு நான் திரும்பிப் பாக்க என்ர மனிசன் கடை வாசலில நிண்டவர். "மச்சானோ? என்னவாம்? என்ர கையைப் பற்றிக் கேட்டவரோ?" எண்டார்.

"ஓம்" எண்டன். "முதல் அதைத்தான் கேட்டவர்."