மணி சாப்பிடாத நான்கு நாள்கள்

எண்பதுகளில் ஈஜோக் ஊர்ப் பக்கம், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்தோம். தனியாக வாழ்ந்த என் அக்கா ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, தம் நாய் மணியை என்னிடம் விட்டுச் சென்றார்.

வந்த நாள் முதல் அது சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நெத்திலி, ஆட்டெலும்பு என்று வைத்து, வீட்டில் எல்லோரும் சுற்றி நின்று கெஞ்சியதுதான் மிச்சம். பார்க்கப் போகும்போதெல்லாம் அக்கா, "மணி சாப்புடுறானா?" என்பார். "நல்லா சாப்புடுறான்கா" என்று பொய் சொல்வேன்.

நான்காம் நாள் அதனால் எழுந்து நிற்க முடியவில்லை. செத்துவிட்டால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்? பதற்றத்தில் அதன் வாயைப் பிளந்து பாலை ஊற்றினேன். புரையேறி, கண்கள் செருகிவிட்டன. என் அலறல் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு முனியம்மா, அதன் பின்கால்களைத் தூக்கி முதுகில் தட்டினார். பால் வெளியே வந்தது, மூச்சும் வந்தது.

"புது எடம், பயந்து கெடக்குது. எல்லாரும் தள்ளிப் போங்க லா!" என்று எங்களை விரட்டினார்.

கஞ்சித் தட்டை அது கிடந்த மூலையில் வைத்துவிட்டு வெளியே நின்றோம். வெகுநேரம் சத்தமே இல்லை. சுவரில் சாய்ந்து அழுதேன். பிறகு உள்ளே தட்டு தரையில் உரசும் சத்தம் கேட்டது.

அக்கா வீடு திரும்பியதும் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இப்போது எந்த நாய் புதிதாக வந்தாலும், தட்டை ஒதுக்குப்புறமாக வைத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். மறுநாளும் தொடவில்லையென்றால் மிருக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவேன். வாயைத் திறந்து ஊற்ற மட்டும் மாட்டேன்.