யான்கௌஸ்கஸ் தம்பதியினரின் மகள்

பிள்ளைகளே,

உங்கள் பெரியம்மாவின் ஆண்டு நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று என் அண்ணர், உங்கள் பெரியப்பா, என்னைக் கேட்டார். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். மன்னாரில் சண்டை, இங்கே வந்து பேக்கரி வேலை, இவ்வளவும்தான் என் படிப்பு. எழுத்தில் பிழை இருந்தால் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெரியம்மா லிதுவேனியா நாட்டின் வடக்கே ஒரு சிற்றூரில் பிறந்தவர். தகப்பனார் ரயில் பாதையில் வேலை செய்தவர். தாயாரைச் சின்ன வயதிலேயே இழந்தவர். வேலை தேடி, நாங்கள் இருக்கும் இந்த லாங்கன்தாலுக்கு வந்து, முதியோர் இல்லத்தில் சேர்ந்தார். அங்கே குசினியில் சமையலுக்கு நின்ற பெரியப்பாவைச் சந்தித்தார். இந்த நாலு வரியையும் பெரியம்மாவின் மகளிடம், அதாவது உங்கள் அக்காவிடம், போன மாதம்தான் கேட்டு அறிந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஏன் அதற்கு முன் தெரியாது? எல்லாம் ஒரு பேரில் தொடங்கியது.

பெரியம்மாவின் குடும்பப் பேர் யான்கௌஸ்கஸ். எங்கள் அப்பாவின் தம்பி சின்னையாவோடு வேலை செய்த ஒரு சேர்பியாக்காரர் அதைக் கேட்டுவிட்டு, இது ஸ்லாவ் இனத்தவர் பேர், லிதுவேனியர் ஸ்லாவ் இல்லையே என்று சொல்லியிருக்கிறார். சின்னையாவுக்கு அது போதும். ஊரில் கலியாணம் பேசும்போது பேரை வைத்து ஆளைத் துருவுகிற பழக்கத்தை அவர் விமானத்திலேயே கொண்டுவந்துவிட்டார். பெரியம்மா முதன்முதல் வீட்டுக்கு வந்த அன்று, தேத்தண்ணி ஆறமுதல் கேட்டார்.

"பேர் ஒரு ஆக்களின்ரை, நாடு இன்னொரு ஆக்களின்ரை. உண்மையில நீ ஆர்?"

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டு ஜெர்மனில் சொன்னார். பெரியம்மா சிரித்தபடியே பதில் சொல்ல, பெரியப்பா அதைத் தமிழில் திருப்பிச் சொன்னார்.

"தங்கட நாட்டில கனபேருக்கு இப்பிடித்தானாம் சின்னையா. அந்தக் காலத்தில கோயில் புத்தகத்தைப் போலந்துப் பாஷையில எழுதின பாதர்மார், ஆக்களின்ரை பேருக்கும் ஒரு போலந்து வால் வைச்சுப்போட்டினமாம். பிறகு தங்கட பாஷை வாலையும் அதுக்குப் பின்னால ஒட்டிக்கொண்டினமாம். வேற சிலர் உண்மையிலேயே அங்கயிருந்து வந்து கலந்த ஆக்களாம். இப்ப எல்லாரும் லிதுவேனியர்தானாம்."

"கதை நல்லாத்தான் இருக்கு," என்றார் சின்னையா.

பெரியம்மா பெரியப்பாவின் காதில் ஏதோ கேட்டார். பெரியப்பா மாட்டேன் என்று தலையாட்டினார்.

"என்னவாம்? சொல்லடா!"

"குரூஸ் எண்டது தமிழ்ப் பேரோ எண்டு கேக்கிறா."

குரூஸ் எங்கள் எல்லாருடைய பேருக்கும் பின்னால் நிற்கிற பேர். போர்த்துக்கீசர் காலத்து ஞானஸ்நானப் புத்தகத்தால் எங்கள் பாட்டன்மாருக்கு வந்தது.

"அது வேதப் பேர்! சிலுவை!" என்று சின்னையா கத்தினார்.

"தன்ரை பேரில வாற யான் எண்டா யோவானாம், எங்கட அருளப்பர். அதுவும் வேதப் பேர்தானாம்."

யாராவது ஒருவர் சிரித்திருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. பெரியம்மா தன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். கலியாணத்தோடு அவரும் குரூஸ் ஆனார். அதற்குப் பிறகு தன் வீட்டாரைப் பற்றி எங்களிடம் வாய் திறந்ததே இல்லை. நாங்களும் கேட்டதில்லை. "நல்ல பிள்ளை, வாய் காட்டாது" என்று புகழ்ந்தோம்.

அவர் எங்களுக்குச் செய்தது கொஞ்சமல்ல. உங்களில் சின்னவன் பிறந்து உங்கள் அம்மா எழும்ப முடியாமல் கிடந்தபோது, வேலை முடிந்து வந்து உங்கள் உடுப்பெல்லாம் தோய்த்தவர் அவர். சின்னையா படுக்கையில் விழுந்தபோதும் அவர்தான் முகம் மழித்துவிட்டார். செபமாலையைத் தமிழில் பாடமாக்கினார். கோடையில் பீட்ரூட் போட்டு அவர் செய்யும் குளிர்ந்த சூப்பைக் கண்டு, "ரோஸ் பெயின்ற்" என்று நீங்கள் கத்துவீர்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். நோய் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் அவர் தன் பாஷையில்தான் செபித்தார். பக்கத்தில் நின்ற எங்களில் அக்காவைத் தவிர ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை.

அவர் கண்மூடிய அன்று, மரண அறிவித்தல் எழுத எங்கள் வீட்டு மேசையில் இருந்தோம். இன்னாரின் மருமகள், இன்னாரின் மச்சாள், இன்னாரின் பெரியம்மா என்று எங்கள் பக்கத்துப் பேரெல்லாம் வீட்டில் கூப்பிடும் பேரோடு சேர்ந்து ஓடி வந்தன. "அன்பு மகளும்" என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"தேப்பன் உயிரோட இருக்கிறாரோ?" என்று உங்கள் அம்மா கேட்டா.

"இருந்தா ஒருநாளாவது கதைச்சிருப்பா தானே," என்றேன்.

"அண்ணையிட்டயோ பிள்ளையிட்டயோ கேளுங்கோவன்."

"இந்த நேரத்தில அதுகளைக் கரைச்சல் படுத்தாத."

"காலஞ்சென்ற யான்கௌஸ்கஸ் தம்பதியினரின் அன்பு மகளும்" என்று எழுதி அச்சுக்கு அனுப்பினேன்.

அடக்கத் திருப்பலி அன்று, கறுப்புக் கோட்டுப் போட்ட நெட்டையான ஒரு முதியவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆர் என்று கேட்டேன்.

"என்ரை தாத்தா, சித்தப்பா. அம்மாவின்ரை அப்பா."

மண்டப வாசலில் அறிவித்தலைப் பெரிதாக அச்சடித்து ஒட்டியிருந்தோம். அவர் அதன் முன்னால் நின்று ஏதோ கேட்டார்.

"தன்ரை பேர் இதில இருக்கோ எண்டு கேக்கிறார்," என்றாள் அக்கா. அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். அவள் கண் அந்த வரியில் போய் நின்றது. "சித்தப்பா, இதில..."

"ஓம், இருக்கு எண்டு சொல்லம்மா."

சொன்னாள். எந்த எழுத்துகள் என்று கேட்டு, அவற்றை விரலால் தடவினார். பிறகு தன் போனை என் கையில் தந்து, கோட்டுக் கொலரைச் சரிசெய்து, அதன் பக்கத்தில் நின்றார். நான் படம் எடுத்தேன். கொஞ்சம் தள்ளி நின்ற பெரியப்பா அறிவித்தலையும் என்னையும் பார்த்தார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். போகும்போது அந்தத் தாளைக் கேட்டார் முதியவர். சுருட்டிக் கொடுத்தோம்.

போன மாதம் இந்த மலருக்காக அக்காவிடம் விவரம் கேட்கப் போனபோது அவள் சொன்னாள்: "தாத்தா அதைச் சாப்பாட்டு மேசைக்கு மேல கொழுவி வைச்சிருக்கிறார். வாற ஆக்களுக்கெல்லாம் தன்ரை பேரைக் காட்டுறாராம். இனி என்னால மறைக்கேலாது. நீங்கள் சொல்லுங்கோ, நான் மாத்திச் சொல்லுறன்."

அங்கேயே போன் எடுத்தாள். சொன்னேன்.

"தன்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லையோ எண்டு கேக்கிறார்."

"கேக்கேல்லை எண்டு சொல்லு."

மறுபடி அவர் கதைத்தார். அக்கா அழுதுகொண்டே மாற்றிச் சொன்னாள். "தாளைக் கழட்ட மாட்டாராம், சித்தப்பா. கலியாணத்துக்குப் பிறகு மகளும் தானும் ஒரே தாளில நிக்கிறது அது ஒண்டுதானாம். பிழையை அச்சடிச்ச ஆக்கள் சரியையும் அச்சடிக்கட்டுமாம்."

அவருடைய முழுப் பேரையும் காலஞ்சென்ற துணைவியாரின் பேரையும் அப்போதுதான் கேட்டேன். எழுத்து எழுத்தாகச் சொன்னார். இரண்டும் முதல் பக்கத்தில் இருக்கின்றன.

பெரியம்மாவை நோயில் பராமரித்த தாதியருக்கும், முதியோர் இல்லத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்கும், திருப்பலி ஒப்புக்கொடுத்த பாதருக்கும், அன்று சமைத்தும் சுமந்தும் உதவிய எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. லிதுவேனியாவில் நலமே வாழும் யான்கௌஸ்கஸ் ஐயாவுக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதியில்லை. கோடை விடுமுறையில் நீங்கள் அக்காவோடு அங்கே போகிறீர்கள். இந்த மலரை அவர் கையில் கொடுத்து, இதில் அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்லுங்கள். உங்கள் அப்பாவும் வந்திருக்கலாமே என்று கேட்டால், அவர் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.