மாப்பிள்ளை வாட்ச்சுடன் திருவனந்தபுரம்

என் பெண் காயத்ரிக்குப் போன ஆவணியில் நிச்சயதார்த்தம். திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில், மாப்பிள்ளை வீட்டிலேயே. நாங்கள் திருநெல்வேலி. மாப்பிள்ளைக்குத் தட்டில் வைத்துத் தருபவற்றில் வாட்ச்சும் உண்டு. அதை வாங்கும் பொறுப்பை நான் யாருக்கும் விட்டுத்தரவில்லை. வேறு பொறுப்பு எதையும் என்னிடம் யாரும் தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாங்கியது துருவா. என் மனைவி ஜயா ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி பெயர் சொன்னாள். அது என் வாயில் நுழையவில்லை.

துருவா தெரியாதவர்களுக்காக: எங்கள் காலத்தில் கண்டக்டர், வாத்தியார், போஸ்ட்மேன் எல்லார் கையிலும் அதுதான். முதலில் சாவி கொடுக்கும் வாட்ச். தினமும் காலையில் திருக வேண்டும். பிறகு பேட்டரிக்கு மாறியது. இன்றும் ஒரு ஜோடி நல்ல செருப்பின் விலைதான். வெள்ளை முகம், கறுப்பு எண். மூக்குக் கண்ணாடி இல்லாமலே மணி தெரியும். கீழே விழுந்தால் துடைத்துக் கட்டிக்கொள்ளலாம். நான் பன்னிரண்டாம் வகுப்பு தேறியதற்கு (இரண்டாம் தடவை எழுதித்தான்) அப்பா வாங்கித் தந்த சாவி வாட்ச் இன்னும் ஓடுகிறது. இந்தக் கம்பெனியைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள். கடைக்காரர்கூட விற்கும்போது ஏதோ விளக்க வந்தார். துருவாவைப் பற்றி எனக்கா என்று கையமர்த்திவிட்டேன்.

முதல் நாள் மதியம் ரயில் ஏறினோம். நாகர்கோவில் வழியாக நாலு மணி நேரத்தில் திருவனந்தபுரம் தம்பானூர். ஸ்டேஷன் எதிரிலேயே லாட்ஜ். மறுநாள் காலை எட்டு மணிக்குத் தட்டு அடுக்கும்போது ஜயா டப்பாவைத் திறந்தாள். முள் அசையவில்லை.

"நல்ல நாளும் அதுவுமா நின்னுபோன வாட்ச்சை எப்படிக் குடுக்கறது? சம்பந்தி மாமி என்ன நினைப்பா?"

பேட்டரிதான் போய்விட்டது என்று முடிவுகட்டி ஆட்டோ பிடித்தேன். சாலை பஜாருக்கு முப்பது ரூபாய்.

"கடை தொறக்க பத்தாகும் சாரே. மொபைல்ல சமயம் பார்த்தா போராதா?" என்றார் டிரைவர்.

"எனக்கு இல்லப்பா. மாப்பிள்ளைக்கு."

"அய்யோ, அப்போ பிரஸ்னமாக்கும்."

அவர் சொன்னபடியே எல்லாக் கடையும் அடைப்பு. முகூர்த்தம் ஒன்பதரையிலிருந்து. வெறுங்கையோடு திரும்பினேன். மறைத்துக் கொடுத்து, பிறகு அவர்கள் கண்டுபிடித்தால் பெண்ணுக்குத்தானே சொல் வரும்? சபையிலேயே சொல்லிவிட்டேன். "வாட்ச் ஓடலை. மன்னிக்கணும். மத்தியானம் பேட்டரி மாத்திடறேன்."

சம்பந்தி மாமி முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஜயா தரையைப் பார்த்தாள். மாப்பிள்ளை விஷ்ணு டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"மாமா, திருகுக்கு அடியில பிளாஸ்டிக் வளையம் இருக்கே, எடுக்கலையா? பேட்டரி தீராம இருக்கப் போட்டு வைக்கறதாக்கும்."

அதை எடுத்துவிட்டுத் திருகை உள்ளே அழுத்தினார். ஓடியது.

"அப்பாக்கு இந்தக் கம்பெனியோட ஜாதகமே தெரியும். இது ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு," என்றாள் காயத்ரி.

விஷ்ணு தன் பளபள ஸ்மார்ட் வாட்ச்சைக் கழற்றினார். "உங்க வாட்ச்ல மணி என்ன மாமா?"

"ஒம்பது அம்பத்தாறு. ஆனா இது நாலு நிமிஷம் மெதுவா ஓடும்."

"சாரமில்லை, பரவாயில்லை மாமா. அந்த மணியையே வச்சுக்கறேன்." துருவாவில் அதே மணியை வைத்துக் கட்டிக்கொண்டார்.

மாமி சிரித்துவிட்டார். "நன்னாயிருக்கு. இனிமே மாமனாரும் மாப்பிள்ளையும் சேர்ந்தாக்கும் லேட்டு."

போகிறவர்களுக்கு: ஸ்ரீவராகத்துக்குத் தம்பானூரிலிருந்து ஆட்டோவே சௌகரியம், சுமார் இரண்டரை கிலோமீட்டர். சாலை பஜாரைப் பத்து மணிக்கு முன் நம்ப வேண்டாம். பேட்டரி வாட்ச் வாங்கினால் கடையிலேயே ஓடவிட்டு வாங்குங்கள். கடைக்காரர் பேசினால் குறுக்கே பேசாதீர்கள்.

திரும்பும் ரயிலில் ஜயா சொன்னாள்: "காயத்ரிக்கு மனுஷாளைப் பார்க்கத் தெரிஞ்சிருக்கு. யார்கிட்டேர்ந்து வந்ததோ."

"உன்கிட்டேர்ந்துதான். நீ என்னைப் பார்த்தியே," என்றேன்.

ரயில் சத்தத்தில் கேட்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.