ஈசாக் வீட்டு லேப்டாப்பை அணைத்தது யார்

கம்ப்யூட்டர் கெட்டுப்போன வீட்டுக்குள் நுழைந்தால் ரினி முதல் அரை மணி நேரம் எதையும் தொடமாட்டாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "நீங்க எப்பவும் செய்யுறது போல செய்யுங்க. நான் இஞ்ச இல்லைண்ணு நெனச்சுக்கிடுங்க" என்பாள். கேரளத்தின் தெற்கு எல்லையில் பாறசாலை முதல் அதியன்னூர் வரை இந்த அரை மணி நேரத்தைப் பற்றி முணுமுணுக்காத வீடு குறைவு. ரிப்பேர் பார்க்க வந்தவள் சினிமா பார்க்க வந்தவள் போல இருக்கிறாளே என்பார்கள்.

அவளைக் கெட்டிக்காரி என்று சொன்னால் கொஞ்சம் கூடுதலாகிவிடும். பொழியூரில் கடலுக்குப் போகிற பத்ரோசின் மகள். டிப்ளமாவைப் பாதியில் விட்டவள். பாறசாலை ஸ்டேஷன் பக்கம் ஒரு இன்டர்நெட் கடையில் பத்து வருடம் இருந்தாள். எல்லார் கையிலும் போன் வந்து கடையை மூடிய பிறகு, ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போகத் தொடங்கினாள். அவளுக்குத் தெரிந்த வித்தை நெய்யாற்றின்கரைக் கடைக்காரர்களுக்கும் தெரியும். ஒரு வித்தியாசம், ஜனங்கள் சொல்வதை அவள் நம்புவதில்லை. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பதால் அல்ல. தினமும் செய்கிற காரியத்தை யாரும் ஒரு காரியமாகவே நினைப்பதில்லை. "ஒண்ணும் செய்யல்லே, அதுவா நின்னுபோவுது" என்று சத்தியம் செய்த கிருஷ்ணன்குட்டி மாஸ்டர், ஓடிக்கொண்டிருக்கிற கம்ப்யூட்டருக்குத் தூசி படாமல் இருக்க ஒவ்வொரு நாளும் கம்பளி போர்த்திவந்தார். மீனமாதக் கோடை வெயிலில்! அவரைப் பொறுத்தவரை அது செய்தது ஆகாது, பார்த்துக்கொண்டது.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி உதியன்குளங்கரைக்கு உள்ளே, மரக்கடை வைத்திருந்து ஓய்ந்த ஈசாக்கின் வீட்டில். எதிரே அவர் மகள் ஷாலு, நர்சிங் படித்து நெய்யாற்றின்கரையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள், வெளிறிப்போய் நின்றாள். மூன்று மணிக்கு அவளுக்கு அயர்லாந்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து இன்டர்வியூ. ஏற்கெனவே இரண்டு தடவை நடுவில் லேப்டாப் அணைந்து பேச்சு அறுந்துபோயிருந்தது. மூன்றாவது தடவையும் அறுந்தால் விண்ணப்பத்தை மூடிவிடுவோம் என்று மெயில் வந்திருக்கிறது. போனில் வரக்கூடாது, கம்ப்யூட்டரில்தான் வரவேண்டும் என்பது அவர்கள் சட்டம்.

"மூணு கடையில காட்டியாச்சு" என்றார் ஈசாக். "அஞ்ச போனா நல்லா ஓடுது. இஞ்ச வந்தா சாவுது. ராத்திரி ஏழு மணியானா நான் பாட்டு கேட்டுக்கிட்டிருக்கும்போதே அணையும். வோல்டேஜ் ஆக்கும்."

"வோல்டேஜும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் அவர் மனைவி ஞானபாய். "சாத்தான். பிள்ளை நல்லா வாறது அவனுக்குப் பொறுக்கல்லே."

"பக்கத்து வீட்டு வேதமாணிக்கம் மாமா வைரஸ்ணு சொன்னாவ" என்றாள் ஷாலு.

"எப்ப தொடங்கிச்சு?" என்று ரினி கேட்டாள்.

"ஒரு மாசம் இருக்கும்."

"ஒரு மாசத்துக்குள்ள வீட்டில புதுசா என்ன வந்தது?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றும் வரவில்லை. ஒரு டம்ளர்கூட வரவில்லை என்று ஞானபாய் உறுதியாகச் சொன்னாள்.

ரினி கையைக் கட்டிக்கொண்டாள். ஷாலு லேப்டாப்பில் மெயில் பார்த்தாள், வீடியோ பார்த்தாள், கேமராவைப் போட்டாள். ஈசாக் பாட்டுப் போட்டார். அரை மணி நேரம் ஓடியது. லேப்டாப் நன்றாக வளர்த்த பிள்ளை போல நடந்துகொண்டது. இரண்டு மணி பத்து நிமிடம். இரண்டே கால். நோய் வைத்தியரைக் கண்டால் ஒளிந்துகொள்ளும் என்று ரினிக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு மரியாதையாக ஒளிந்துகொண்டதில்லை. கட்டியிருந்த கையை அவிழ்த்தாள்.

"சரி, போன தடவை இன்டர்வியூ நடந்தப்ப ஆரு ஆரு எங்க இருந்தீங்களோ, அப்படியே நில்லுங்க" என்றாள். "மாமா, நீங்க அயர்லாந்துக்காரர். கேள்வி கேளுங்க."

ஈசாக் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். வேஷம் என்றால் முழுதாக வேண்டும் அவருக்கு. மேசைக்கு எதிரே நின்று தொண்டையைச் செருமினார்.

"வாட் ஈஸ் யுவர் நேம்?"

"ஷாலு ஈசாக், சார்."

"யுவர் ஃபாதர் குட் மேன்?"

"அப்பா, அவிய இதெல்லாம் கேக்கமாட்டாவ!"

"நான் கேப்பேன். எனக்க ஆஸ்பத்திரி. ஆன்சர்!"

"ஏங்க, கஷ்டமான கேள்வியா கேளுங்க" என்றாள் ஞானபாய், கேமராவில் விழாத இடத்தில், மேசையின் வலது பக்கம் நின்றுகொண்டு. "அண்ணைக்கு எளுப்பமான கேள்வி வரைக்கும் நல்லாத்தான் போச்சு."

ஈசாக் யோசித்தார். மரக்கடையில் சேர்த்து வைத்திருந்த இங்கிலீஷ் முழுவதையும் நெற்றிக்குக் கொண்டுவந்தார். "பேஷன்ட் ஃபால் டவுன். டாக்டர் நோ. கரன்ட் நோ. வாட் யூ டூ?"

ஷாலு திகைத்தாள். அந்த நொடியில் ஞானபாய் கண்ணை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் கையை நீட்டி, மார்போடு அணைத்திருந்த பைபிளை லேப்டாப்பின் வலது ஓரத்தில், விசைகளுக்குக் கீழே கை வைக்கிற இடத்தில், மெல்ல வைத்தாள். உதடு அசைந்தது.

திரை அணைந்தது.

"கண்டியா!" என்று கத்தினார் ஈசாக். ஷாலு முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஞானபாய் பைபிளை இன்னும் அழுத்திப் பிடித்து இன்னும் வேகமாக ஜெபித்தாள். லேப்டாப் அசையவில்லை.

ரினி நாற்காலியிலிருந்து எழுந்தாள். காரணம் கண்ணெதிரே கிடந்தது. அதை வாயால் சொல்வதுதான் பாடு. அவளோ கழுத்தில் ஜெபமாலை போட்ட கத்தோலிக்கப் பெண். இது பழைய புராட்டஸ்டன்ட் மிஷன் சபைக் குடும்பம்.

"மாமி, அதை ஒண்ணு எடுங்க."

"எதை மக்கா?"

"கையில இருக்கதை."

எடுத்தாள். திரை வெளிச்சமானது.

"இனி வையுங்க."

அணைந்தது. எடுத்தாள், வந்தது. வைத்தாள், போயிற்று. நாலாவது தடவை ஞானபாயின் முகம் சிவந்துவிட்டது.

"வேதபுஸ்தகத்தாலயாக்கும் இது சாவுதுண்ணு சொல்லுதியா?"

"வேதம் இல்ல மாமி. உறை." ரினி அவசரமாகக் கறுப்புத் தோலுறையின் மடிப்பைத் திறந்து மூடிக் காட்டினாள், டக்கென்று தானாகவே ஒட்டிக்கொண்டது. "இதுக்குள்ள காந்தம் உண்டு. லேப்டாப்புக்க மூடியிலயும் காந்தம் உண்டு, மூடியை அடச்சா அது வந்து சேருற இடம் இதுதான். காந்தம் பக்கத்தில வந்தா, மூடியை அடச்சாச்சுண்ணு நெனச்சு அது உறங்கிப்போவும். அவ்வளவுதான். இந்த உறை எப்ப வாங்கினது?"

"சபைக் கன்வென்ஷன் ஸ்டாலில" என்றாள் ஞானபாய், குரல் இறங்கி. "ஒரு மாசம்... ஐயோ, ஏழு மணிக்கு பிரேயருக்கு வரும்போ இதுக்க ஓரத்திலதானே வைப்பேன்!"

ஈசாக் சுவரைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. "நீ ஜெபம் தொடங்கினா உறங்குறது நான் ஒருத்தன் மட்டும்ணு இவ்வளவு நாளும் நெனச்சிருந்தேன்டீ!"

ஞானபாய் அவரை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கையில் பைபிள் இருப்பதைக் கண்டு நிறுத்தினாள். அப்புறம் அவளுக்கும் தாங்கவில்லை. ஷாலு சிரித்துக்கொண்டே அழுதாள். நான்கு பேரும் சிரித்ததில் இரண்டு ஐம்பது ஆகிவிட்டது.

பைபிளை ஈசாக் மரியாதையோடு அடுக்களை அலமாரியில் கொண்டுபோய் வைத்தார். மூன்று மணிக்கு ஷாலு தனியே மேசை முன் உட்கார்ந்தாள். மற்ற மூவரும் கதவுத் திரைக்குப் பின்னால். வெறும் கையோடு ஜெபித்துப் பழக்கமில்லாத ஞானபாய், ரினியின் முழங்கையைப் பற்றிக்கொண்டாள். கேள்வி கடினமாகும்போதெல்லாம் நகம் ஆழமாக இறங்கியது. ரினிக்கு இங்கிலீஷ் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கேள்வியின் தரம் கையிலேயே தெரிந்தது.

நாலு நிமிடம் தாண்டியது. முன்பு தாண்டாத எல்லை அது. பத்து. இருபது. லேப்டாப் திரை ஒளிர்ந்துகொண்டே இருந்தது. அப்போது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது: போன இரண்டு தடவையும் ஏன் நடுவில் போய்விட்டீர்கள்?

கதவுத் திரைக்குப் பின்னால் ஈசாக், "வோல்டேஜ்ணு சொல்லு மக்கா, வோல்டேஜ்ணு சொல்லு" என்று காற்றிடம் கெஞ்சினார். ஷாலு மூச்சை இழுத்தாள். உறையையும் காந்தத்தையும் அம்மாவையும் உள்ளபடியே சொல்லிவிட்டாள்.

ஈசாக் தலையில் கை வைத்தார். பிறகு அயர்லாந்தில் மூன்று பேர் ஒரே சமயத்தில் சிரிக்கிற சத்தம் உதியன்குளங்கரையில் கேட்டது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்க்கலாமா என்றாள்.

"அம்மா, உன்னை விளிக்காவ."

"என்னையா? எதுக்கு? நான் அறிஞ்சு செய்தேனா?" ரினி முதுகில் கைவைத்துத் தள்ளினாள். ஞானபாய் கேமராவுக்கு முன்னால் போய், இரண்டு உள்ளங்கையையும் விரித்துத் தூக்கிக் காட்டினாள். ஒன்றும் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்! போலீஸ் சோதனையில்கூட யாரும் இவ்வளவு சுத்தமாக நின்றிருக்கமாட்டார்கள். அந்தப் பக்கம் மறுபடி சிரிப்பு. பெண் என்னவோ கேட்டாள்.

"அவ என்ன சொல்லுதா?" என்றாள் ஞானபாய், கையை இறக்காமல்.

ஷாலுவின் குரல் கிறீச்சிட்டது. "எப்ப வந்து சேரமுடியும்ணு கேக்கா அம்மா!"

கதவுத் திரை கிழிந்ததோ என்னும்படி விலக்கிக்கொண்டு ஈசாக் பாய்ந்து வந்தார். அவர் தலை கேமராவை முழுவதும் மறைத்தது.

"டுமாரோ!" என்றார் அவர். "டுமாரோ, மேடம்!"

"அப்பா, எனக்கு இஞ்ச வேலையை விட மூணு மாச நோட்டீஸ் குடுக்கணும்!" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள் ஷாலு.